மெக்கன்சி என்ற பெயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரலாக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் காலின் மெக்கன்சி சேர்த்துவைத்த சுவடிகளைப் பற்றி நூலகங்களிலும் கல்லூரிகளிலும் அவ்வப்போது பேசப் போவேன். கைபீது என்னும் உள்ளூர்ப் பதிவுகள், கல்வெட்டு, ஊர் வரலாறு என்று ஒரு மணி நேரம் பேசி முடித்தபின் கை தூக்குகிறவர்களில் பாதிப் பேர் அவருடைய பெயரைப் பற்றித்தான் கேட்பார்கள். அந்தப் பெயரின் பின்னால் ஒரு மொழியும், தொலைந்துபோன ஓர் எழுத்தும், ஒரு குலத்தின் ஏற்ற இறக்கமும் இருக்கின்றன. அரங்கத்தில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாததால், கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மெக்கன்சின்னா என்ன அர்த்தம்?

'கொஞஹின் மகன்' என்று அர்த்தம். ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் 'மஹ்க்' என்றால் மகன். கொஞஹ் என்பது ஓர் ஆணின் பெயர். 'கொஞஹினுடைய' என்று சொல்ல வேண்டிய இடத்தில் அந்தப் பெயரின் கடைசி அசை மாறி 'கொஞிஹ்' ஆகும். இரண்டையும் சேர்த்தால் மஹ்க் கொஞிஹ். ஆங்கிலம் பேசுகிறவர்கள் வாயிலும் எழுத்திலும் புகுந்து அதுவே மெக்கன்சி ஆனது. இதில் வரும் ஞ, 'ஞானம்' என்பதில் வரும் அதே ஒலி. இந்த ஞ-வைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

கொஞஹ் என்பது பழைய ஐரிஷ் பெயர் ஒன்றின் பிற்கால வடிவம். அதன் வேர்ச்சொல்லுக்கு அழகு என்று பொருள், ஆக நம் பேச்சில் 'அழகன்' என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பெயரில் 6ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தில் ஒரு புனிதர் வாழ்ந்தார். அகபோ என்ற ஊரில் மடம் நிறுவியவர், ஸ்காட்லாந்திலும் சமயப் பணி செய்தவர். அயர்லாந்தின் கில்கெனி நகரத்துக்கு 'அவருடைய தேவாலயம்' என்றே பெயர். 'கில்' என்றால் தேவாலயம், 'கெனி' என்பது அவர் பெயரின் திரிபு. புனிதரின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைப்பது வழக்கமானதால் கொஞஹ் என்ற பெயர் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையெங்கும் பரவியது.

'மெக்'னா மகன், சரி. அப்போ ஓ பிரையன், ஓ நீல்னு வருதே, அந்த 'ஓ' என்ன?

'ஓ' என்றால் பேரன், விரித்துச் சொன்னால் வழித்தோன்றல். ஐரிஷ் அரசன் பிரையன் போரு 1014இல் குளோன்டார்ஃப் போரில் இறந்தான். அவனுடைய பேரன் காலத்திலிருந்துதான் 'ஓ பிரையன்' என்ற பெயர் வருகிறது. அயர்லாந்தில் 'ஓ', 'மெக்' இரண்டும் உண்டு. ஸ்காட்லாந்தில் 'ஓ' ஏறக்குறைய இல்லை, 'மெக்'தான் எங்கும்.

மகனைக் குறிக்கும் இந்தச் சொல் மிகப் பழையது. அயர்லாந்தில் கல்லின் விளிம்பில் கோடு கோடாகக் கீறிய ஓகம் எழுத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றிலேயே 'இன்னார் மகன் இன்னார்' என்று 'மகி' என்ற வடிவத்தில் இந்தச் சொல் வருகிறது. தமிழ் 'மகன்' போலவே கேட்கிறதே என்று ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது எழுந்துவிடுவார்கள். ஒலி தற்செயலாக ஒத்திருக்கிறது, அவ்வளவுதான். கேலிக் சொல்லின் உறவுச் சொல் வெல்ஷ் மொழியில் 'மாப்' என்று இருக்கிறது. அதைப் பார்த்தாலே வழி வேறு என்று தெரிந்துவிடும்.

நம்ம இனிஷியல் மாதிரிதானே இதுவும்?

தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது. கொஞஹின் மகன் காலின் என்றால் அவன் 'காலின் மஹ்க் கொஞிஹ்'. காலினுடைய மகன் இயன் என்றால் அவன் 'காலின் மகன் இயன்', கொஞஹின் பெயர் அவனிடம் வராது. நம் இனிஷியலைப் போலத் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். பிறகு ஒரு கட்டத்தில் பெயர் உறைந்துவிட்டது. குலத்துக்கு மூலவராகக் கருதப்பட்ட ஒரு கொஞஹின் பெயர், அப்பா பெயர் எதுவாக இருந்தாலும் எல்லாருக்கும் பின்னொட்டாக நின்றுவிட்டது. அப்பா பெயர் குடும்பப் பெயராக மாறிய இடம் அதுதான்.

பழைய வழக்கம் முழுக்க அழிந்துவிடவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த செய்தி. ஸ்காட்லாந்தின் வடமேற்கே இருக்கும் லூயிஸ் தீவில் மெக்லியாட், மெக்டொனால்ட், மெக்கன்சி என்று சில குடும்பப் பெயர்களே ஊர் முழுக்க இருக்கும். அதை வைத்து ஆளை அடையாளம் காண முடியாது. அதனால் கேலிக் பேசுகிறவர்கள் தங்களுக்குள் அப்பா, தாத்தா பெயர்களை அடுக்கியோ பட்டப்பெயர் வைத்தோதான் ஒருவரைக் குறிப்பிடுகிறார்கள். குடும்பப் பெயர் அரசாங்கத் தாளுக்கு, அப்பா பெயர் ஊர்ப் பேச்சுக்கு.

ஒரு பொண்ணு எப்படிங்க 'மகன்' ஆக முடியும்?

கேலிக்கில் ஆவதில்லை. ஆணுக்கு 'மஹ்க் கொஞிஹ்', பெண்ணுக்கு 'நிக் கொஞிஹ்'. 'நிக்' என்பது 'மகனுடைய மகள்' என்ற தொடரின் சுருக்கம். இன்றும் கேலிக்கில் பெயர் எழுதும் பெண்கள் இப்படித்தான் எழுதுகிறார்கள். ஆங்கிலப் பதிவேடுகள் வந்தபோது இந்த வேறுபாட்டைக் கைவிட்டு ஆண் வடிவத்தையே எல்லாருக்கும் எழுதிவிட்டார்கள். அன்றிலிருந்துதான் பெண்களும் தாளில் 'மகன்' ஆனார்கள்.

எம்-சினு எழுதினா அயர்லாந்து, எம்-ஏ-சினு எழுதினா ஸ்காட்லாந்து. சரிதானே?

தவறு. இதை மிக உறுதியாகச் சொல்லலாம். எம்-சி என்பது எம்-ஏ-சியின் சுருக்கெழுத்து, நாம் திருவாளரைத் 'திரு.' என்று சுருக்குவதுபோல. பழைய கையெழுத்துகளில் எம் போட்டு மேலே ஒரு சிறு கொம்பு போட்டும் எழுதியிருக்கிறார்கள். இரு நாடுகளிலும் எல்லா வடிவங்களும் உண்டு. ஒரே மனிதரின் பெயரே திருமணப் பதிவில் ஒரு விதமாகவும் இறப்புப் பதிவில் இன்னொரு விதமாகவும் இருப்பது சகஜம். நடுவில் வரும் 'கே'-வைப் பெரிய எழுத்தில் போடுவதா சின்ன எழுத்தில் போடுவதா என்பதும் அந்தந்தக் குடும்பத்தின் வழக்கம்தான். இதை வைத்து யாருடைய பூர்வீகத்தையும் கணிக்காதீர்கள்.

கொஞிஹ்ல இசட்டே இல்லையே. மெக்கன்சிக்கு அந்த இசட் எங்கேயிருந்து வந்தது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. முதல் பதிலில் நினைவில் வைக்கச் சொன்ன ஞ-வை இப்போது எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தின் தாழ்நிலப் பகுதியில் பேசிய ஸ்காட்ஸ் மொழியில்தான் அரசாங்க ஆவணங்களை எழுதினார்கள். அதில் ஞ-வுக்குத் தனி எழுத்து கிடையாது. எழுத்தர்கள் இரண்டு எழுத்துகளைச் சேர்த்தார்கள். ஒன்று 'ன்' ஒலிக்கான எழுத்து. மற்றது 'யோக்' என்ற பழைய எழுத்து, 3 என்ற எண்ணைக் கொஞ்சம் கீழே இறக்கி எழுதியதுபோல் இருக்கும். அது ஏறக்குறைய ய-வின் ஒலி தருவது. ன்-உம் ய-உம் சேர்ந்தால் ஞ-வுக்கு நெருக்கமாக வந்துவிடும். ஆக, எழுதியவர் சரியாகத்தான் எழுதினார்.

பிறகு அச்சு வந்தது. அச்சுக்கோப்பவரிடம் யோக் எழுத்துக்கு அச்சு இல்லை. அந்தக் காலத்துக் கையெழுத்தில் வால் வைத்து எழுதும் இசட்டும் யோக்கும் பார்ப்பதற்கு ஒன்றுபோல இருந்ததால், யோக்குக்குப் பதிலாக இசட்டைப் போட்டார்கள். முதலில் படித்தவர்களுக்கு அது தொல்லையாக இருக்கவில்லை, இசட்டைப் பார்த்தாலும் பழக்கத்தில் ய என்றே படித்தார்கள். 18ஆம் நூற்றாண்டு வரை இந்தப் பெயரை 'மக்கிங்கி' என்பதுபோல் உச்சரித்தவர்கள் இருந்தார்கள். யோக் என்றால் என்னவென்று தெரியாத தலைமுறை வந்ததும் தாளில் இருப்பதை அப்படியே வாசித்தது. மெக்கன்சி பிறந்தது. நாம் ழ-வுக்கு ஆங்கிலத்தில் இசட், ஹெச் போடப்போய், எழில் என்ற பெண்ணை வடக்கே 'எஸில்' என்று கூப்பிடுகிறார்களே, அதே கதைதான்.

எல்லாப் பெயருக்கும் இது நேரவில்லை. மென்சிஸ் என்று எழுதும் பெயரை ஸ்காட்லாந்தில் இன்றும் 'மிங்கிஸ்' என்கிறார்கள். ஆஸ்திரேலியப் பிரதமர் ராபர்ட் மென்சிஸுக்கு 'மிங்' என்று செல்லப்பெயர் வந்தது அதனால்தான். டால்சீல் என்று எழுதிவிட்டு 'டீயெல்' என்று படிக்கும் பெயரும் உண்டு. மெக்கன்சி மட்டும் எழுத்துக்குப் பணிந்துவிட்டது.

ஸ்காட்லாந்துக்குக் கென்னத்னு ஒரு ராஜா இருந்தாரே, அவர் வம்சமா இவங்க?

இல்லை. இந்தக் குழப்பத்துக்கு நியாயமான காரணம் இருக்கிறது. 858இல் இறந்த கென்னத் மெக்அல்பினின் இயற்பெயர் வேறு, அது 'கினாயெத்' என்பதுபோன்ற பழைய பெயர். கொஞஹ் தனிப் பெயர். ஆங்கிலத்தில் எழுதியவர்கள் இரண்டையும் 'கென்னத்' என்ற ஒரே பெட்டியில் போட்டார்கள். பிற்காலத்தில் கேலிக்காரர்களே அந்த அரசனைக் கொஞஹ் என்று அழைக்கத் தொடங்கியதால் சிக்கல் இறுகிவிட்டது.

அதே கினாயெத்திலிருந்து அயர்லாந்தில் மெக்கென்னா என்ற குடும்பப் பெயர் வந்தது. கென்னடி என்பது இன்னொரு பெயர். மெக்கின்னன் அதுவும் வேறு. காதுக்கு ஒன்றுபோல் கேட்பதால் உறவு ஆகிவிடாது.

அப்போ இவங்களோட மூல கொஞஹ் யார்?

வடமேற்கு ஸ்காட்லாந்தில் கின்டெய்ல் என்ற பகுதியின் தலைவர்கள் இவர்கள். 1467ஆம் ஆண்டுச் சுவடி என்று பெயர்பெற்ற கேலிக் கையெழுத்துச் சுவடி ஒன்று எடின்பரோ தேசிய நூலகத்தில் இருக்கிறது. அதில் மேட்டுநிலக் குலங்களின் வம்சாவளிகள் இருக்கின்றன. மெக்கன்சி வரிசையும் உண்டு. அந்த வரிசையில் கொஞஹ் என்ற பெயர் இரண்டு இடத்தில் வருகிறது, தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கப்படி. வரிசை மேலே போய் 'ஏர்டு ஊரின் கில்லியோன்' என்பவரிடம் முடிகிறது. மாத்தெசன் குலத்தின் வரிசையும் அவரிடமே போய்ச் சேருகிறது. ஆக, சுவடியின்படி இவர்கள் அந்த மண்ணின் கேலிக் குடியினர்.

அயர்லாந்திலேர்ந்து வந்த ஃபிட்ஸ்ஜெரால்டு பரம்பரைனு படிச்சேனே?

நீங்கள் படித்த கதை இது: காலின் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற வீரர் 1263இல் லார்க்ஸ் போரில் நார்வேக்காரர்களுக்கு எதிராகச் சண்டையிட்டார். மூன்றாம் அலெக்சாண்டர் மன்னர் மகிழ்ந்து 1266இல் கின்டெய்லைப் பட்டயம் எழுதிக் கொடுத்தார். அவருடைய மகன் கொஞஹ், அவர் வழியில் மெக்கன்சிகள்.

17ஆம் நூற்றாண்டில் இந்தக் கதையை ஊன்றி வளர்த்தவர் குலத்தைச் சேர்ந்த ஜார்ஜ் மெக்கன்சி, பின்னாளில் குரோமார்ட்டி பிரபு. அப்போது குலம் பெரிய பிரபுக் குடும்பமாகியிருந்தது. ஃபிட்ஸ்ஜெரால்டுகள் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த நார்மன் வழியினர். அரசவையில் நார்மன் பரம்பரைக்கு இருந்த மதிப்பு மலைநாட்டுக் கேலிக் பரம்பரைக்கு இல்லை. அந்தப் பட்டயத்தை வரலாற்றாசிரியர்கள் போலி என்று ஒதுக்கிவிட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஸ்கீன் என்ற அறிஞர், முந்தைய பதிலில் சொன்ன சுவடியை வைத்துக் கேலிக் மூலத்தை எடுத்துக்காட்டினார். எனக்கு வருத்தம் தருவது என்னவென்றால், தங்கள் பெயரிலேயே தங்கள் மொழியைச் சுமந்தவர்கள் அதை மறைக்கக் கதை தேட வேண்டியிருந்தது. 'ஃபிட்ஸ்' என்பதும் நார்மன் பிரெஞ்சில் 'மகன்' என்றுதான் பொருள்படும். ஒரு மகனை விட்டு இன்னொரு மகனிடம் போனார்கள்.

மெக்கன்சினு பேர் இருக்கிற எல்லாரும் சொந்தக்காரங்களா?

இல்லை. மூன்றாவது பதிலில் பெயர் உறைந்தது என்று சொன்னேன். அது உறைந்தபோது தலைவரின் ரத்த உறவினர்கள் மட்டும் அதில் இல்லை. அவருடைய நிலத்தில் குடியிருந்தவர்கள், அவர் பாதுகாப்பில் வந்தவர்கள், அவர் படையில் போனவர்கள் என்று பலரும் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். சில நேரம் சட்டமே பெயரை மாற்ற வைத்தது. 1603இல் மெக்கிரெகர் என்ற பெயரை வைத்திருப்பதே குற்றம் என்று தடை விதித்தபோது, அந்தக் குலத்தவர் வேறு வேறு பெயர்களுக்குள் ஒளிந்தார்கள்.

எதிர்த்திசையிலும் உண்டு. மெக்ரே குலத்தவர் தலைமுறை தலைமுறையாக மெக்கன்சித் தலைவரின் மெய்க்காவலர்களாக இருந்தார்கள், 'மெக்கன்சியின் இரும்புச் சட்டை' என்றே அவர்களை அழைத்தார்கள். அவ்வளவு நெருங்கியிருந்தும் தங்கள் பெயரை விடவில்லை. ஆகவே பெயரை மட்டும் வைத்து வம்ச மரம் வரையத் தொடங்காதீர்கள். ஊர்ப் பதிவேடுகளில் ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போவதுதான் வழி.

அவங்க கோட்டைதானே அந்தத் தண்ணிக்கு நடுவுல இருக்கிற கோட்டை?

ஆமாம், காலண்டரிலும் பிஸ்கட் டப்பாவிலும் வரும் எய்லின் டோனன். மூன்று கடற்கழிகள் சந்திக்கும் இடத்தில் சிறு தீவின் மேல் இருக்கிறது. 1610இல் லூயிஸ் தீவு மெக்கன்சித் தலைவர் கைக்கு வந்தது. 1623இல் சீஃபோர்த் பிரபு பட்டம் கிடைத்தது. அப்போது கிழக்குக் கடற்கரையிலிருந்து மேற்குத் தீவுகள் வரை அவர்கள் நிலம்.

பிறகு இறக்கம். நாடிழந்த ஸ்டூவர்ட் அரசக் குடும்பத்தின் பக்கம் நின்று 1715இல் கிளர்ச்சி செய்ததால் பிரபுவின் பட்டமும் நிலமும் பறிபோயின. 1719இல் ஸ்பானிய வீரர்களோடு மறுபடி முயன்றார்கள். மே 10ஆம் தேதி அரசுக் கடற்படையின் மூன்று கப்பல்கள் வந்து எய்லின் டோனனைச் சுட்டு, பிடித்தபின் வெடிவைத்துத் தகர்த்தன. இன்று நாம் படத்தில் பார்ப்பது மெக்ரே குடும்பத்தவர் ஒருவர் 20ஆம் நூற்றாண்டில் திரும்பக் கட்டி 1932இல் முடித்தது. ஆக, அந்தக் கோட்டையை மீட்டதும் அந்த இரும்புச் சட்டைதான்.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். நிலம் அரசுடைமை ஆனபிறகும் கின்டெய்ல் குடியானவர்கள் அரசுக்குக் குத்தகைப் பணம் கட்டவில்லை. டொனால்ட் மர்ச்சிசன் என்ற காரியஸ்தர் ஆண்டுக்கணக்கில் அதை வசூலித்து, வெளிநாட்டில் தஞ்சமிருந்த பிரபுவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். மர்ச்சிசன் என்பதும் வேறொரு குடும்பப் பெயர்தான்.

நம்ம காலின் மெக்கன்சி இந்தப் பிரபு குடும்பமா?

பிரபு குடும்பம் இல்லை, ஆனால் அவர்களுடைய ஊர்க்காரர். 1754இல் லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவேயில் பிறந்தார். அங்கே சுங்க அலுவலகத்தில் வேலை பார்த்தார். அந்தத் தீவு மெக்கன்சிகள் கைக்கு வந்த ஆண்டை மேலே சொல்லியிருக்கிறேன். காலின் என்பதும் அந்தக் குலத்தில் திரும்பத் திரும்ப வரும் பெயர். சீஃபோர்த் குடும்பத்தின் ஆதரவு அவருக்கு இருந்தது. 1783இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் சீஃபோர்த் பிரபு திரட்டிய மலைநாட்டுப் படைப்பிரிவும் சென்னையில் இறங்கியிருந்தது. கடல்வழியில் ஏராளமானோர் நோயால் மாண்டார்கள், பிரபுவும் 1781இல் கப்பலிலேயே இறந்துபோனார்.

வந்த புதிதில் மதுரையில் ஹெஸ்டர் ஜான்ஸ்டன் என்ற அம்மையாரின் வீட்டில் உள்ளூர்ப் பண்டிதர்களைச் சந்தித்ததுதான் சுவடி சேர்க்கும் ஆசையை வளர்த்தது என்பார்கள். பிறகு மைசூர் நில அளவை, 1815இல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் பதவி, 1821இல் மரணம். காவலி வெங்கட போரய்யா, அவர் தம்பி லட்சுமய்யா போன்றவர்கள் ஊர் ஊராகப் போய்ச் சேர்க்காவிட்டால் அந்தத் தொகுப்பே இல்லை, இதை எந்தக் கூட்டத்திலும் சொல்லாமல் விடமாட்டேன். மெக்கன்சியின் மனைவியிடமிருந்து கம்பெனி அதை ஒரு லட்ச ரூபாய்க்கு வாங்கியது. தென்னிந்திய மொழிச் சுவடிகளில் பெரும்பகுதி இன்று சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது.

கனடாவில இருக்கிற மெக்கன்சி ஆறு இவர் பேரா?

இல்லை, அலெக்சாண்டர் மெக்கன்சி என்பவர் பெயர். அவரும் ஸ்டோர்னோவேக்காரரே. 1789இல் அந்த ஆற்றோடு போய் வடதுருவக் கடலை அடைந்தார், 1793இல் தரைவழியாகப் பசிபிக் கரைக்குப் போனார். அந்த ஆற்றுக்கு அங்கே வாழும் பழங்குடி மக்கள் வைத்த பெயர் டேச்சோ. கனடாவின் இரண்டாவது பிரதமர் அலெக்சாண்டர் மெக்கன்சி இன்னொருவர்.

அமெரிக்காவில பொண்ணுங்களுக்கு மெக்கன்சினு பேரே வைக்கிறாங்களே?

1970-களின் பிற்பகுதியிலிருந்து பரவிய வழக்கம் அது. குடும்பப் பெயரை முதல் பெயராக வைப்பது அங்கே இயல்பு. நான்காவது பதிலைப் பார்த்துவிட்டு 'இது தப்பில்லையா' என்று கேட்டால், பெயர் கேலிக்கை விட்டு ஆங்கிலத்துக்குள் போய் வெகுகாலம் ஆயிற்று, அங்கே அதற்கு ஆண்பால் பெண்பால் இல்லை என்பேன்.

இசட்டே தப்புன்னா, தமிழ்ல எப்படித்தான் எழுதணும்? மக்கிங்கினு எழுதலாமா?

வேண்டாம். அந்த உச்சரிப்பு இன்று வழக்கில் இல்லை, அந்தப் பெயர் வைத்திருப்பவர்களே அப்படிச் சொல்வதில்லை. ஒருவர் தன் பெயரை எப்படிச் சொல்கிறாரோ அப்படி எழுதுவதுதான் மரியாதை. நான் மெக்கன்சி என்று எழுதுகிறேன், மெக்கென்சி என்பதும் பிழையில்லை. கேலிக் பெயரைச் சொல்லும் இடத்தில் மட்டும் 'மஹ்க் கொஞிஹ்' என்று எழுதுங்கள். ஆங்கிலத்துக்கு இல்லாத ஞ நம்மிடம் இருக்கிறதே, அதைப் பயன்படுத்தலாம்.

நூலகப் பட்டியலில் தேடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மெக்கன்சி, மெக்கென்சி, மெக்கன்ஸி, மக்கென்ஸி என்று நான்கு விதமாகவும் தேடிப் பாருங்கள். ஒன்றில் கிடைக்கவில்லை என்று திரும்பிவிடாதீர்கள்.